தாழ்ந்த குரலில் பேசும் படங்கள்: பணத்துக்குத் துணையாகும் ஆண்களைப் பற்றிய சினிமாவைப் பார்க்கும் முறை

பணம் பெற்றுக்கொண்டு பிறருக்குத் துணையாக இருக்கும் ஆண்களைப் பற்றிய படம் என்று சொன்னவுடனேயே, பார்க்கப்போகிறவரின் மனத்தில் பெரும்பாலும் இரண்டு எதிர்பார்ப்புகளில் ஏதோ ஒன்று எழுந்துவிடுகிறது. கிளர்ச்சியூட்டும் காட்சிகள் இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். சமூகக் கொடுமையை உரத்த குரலில் சொல்லிக் கண்ணீர் வரவழைக்கும் என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். இந்தப் பொருளை எடுத்துக்கொண்ட நல்ல சுயாதீனப் படங்கள் இவை இரண்டையும் தருவதில்லை. அவற்றில் ஆட்கள் நடக்கிறார்கள், காத்திருக்கிறார்கள், தூங்குகிறார்கள், பேச வேண்டியதைப் பேசாமல் வேறு எதையோ பேசுகிறார்கள். அரை மணி நேரம் கழிந்த பிறகும் கதை தொடங்கவில்லை என்ற உணர்வே மிஞ்சுவதால், பலர் அத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். பல ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படி ஒரு படத்தைப் பாதியில் நிறுத்தினேன், பிறகு வேறொரு நாளில் முழுமையாகப் பார்த்தபோது எதைத் தவறவிட்டிருந்தேன் என்பது புரிந்தது. அந்தத் தவறு உங்களுக்கு நேராமல் இருக்க, எதைப் பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை முடிந்தவரை விளக்கமாக எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக இரண்டு படங்களை எடுத்துக்கொள்கிறேன். கஸ் வான் சாண்ட் இயக்கி 1991-இல் வெளிவந்த ‘மை ஓன் பிரைவேட் ஐடஹோ’ என்ற அமெரிக்கப் படம் ஒன்று. சோஃபி ஹைட் இயக்கி 2022-இல் வெளிவந்த ‘குட் லக் டு யூ, லியோ கிராண்டே’ என்ற பிரிட்டிஷ் படம் மற்றொன்று. முதலாவது சாலையில் நடப்பது, இரண்டாவது ஓர் ஓட்டல் அறைக்குள் நடப்பது. முதலாவதில் வறுமையும் வீடின்மையும் உண்டு. இரண்டாவதில் தொழிலைத் தானே தேர்ந்தெடுத்ததாகச் சொல்லும், நன்றாக உடுத்திய ஓர் இளைஞன் இருக்கிறான். இவ்வளவு வேறுபாடு இருந்தும், இரண்டையும் திறப்பதற்கு ஒரே சாவி போதும் என்பது என் கருத்து: பணம் கொடுத்து வாங்கப்படுவது எது, பணம் எந்த இடத்தில் செல்லாமல் போகிறது என்பதைக் காட்சிக்குக் காட்சி கவனித்துக்கொண்டே வர வேண்டும். இந்தப் படங்களில் உண்மையான நிகழ்ச்சி அந்த எல்லைக்கோட்டில்தான் நடக்கிறது. உடலுறவு அங்கே அன்றாட வேலை. வேலைக்கு வெளியே ஒருவர் மற்றொருவரிடம் ஏதோ கேட்கும் நொடியே கதை.

பார்ப்பதற்கு முன் சொற்களைப் பற்றியும் சிறிது யோசிப்பது நல்லது. பரத்தை, கணிகை என்று பெண்ணைக் குறிக்கும் சொற்கள் தமிழில் பழங்காலத்திலிருந்தே இருக்கின்றன. ஆனால் பணம் பெறும் ஆணைக் குறிக்க வழக்கில் நிலைத்த சொல் எதுவும் இல்லை. பரத்தன் என்ற சொல்கூட ஒழுக்கம் தவறிய ஆணைக் குறிக்கிறதே தவிர, விலை பெறுபவனைக் குறிப்பதில்லை. சொல் இல்லாததால் நாம் ஏளனத்தையோ கிசுகிசுப்பையோ கைக்கொள்கிறோம், அந்த மனநிலையுடன் படத்துக்குள் நுழைந்தால் முதல் காட்சியிலேயே அந்த ஆண் நமக்குக் கேலிப்பொருளாகிவிடுவான். எஸ்கார்ட் என்றோ, பாலியல் தொழிலாளி என்றோ, எந்தச் சொல்லால் அழைத்தாலும், ஒரு தையற்காரரைப் பற்றியோ செவிலியரைப் பற்றியோ எடுத்த படத்தில் அவருடைய வேலையை எவ்வளவு இயல்பாகப் பார்ப்போமோ அவ்வளவு இயல்பாக இவனுடைய வேலையையும் பார்க்கத் தயாராவது முதல் படி.

எந்தப் படத்தில் தொடங்குவது என்ற கேள்விக்கு என் பதில் தெளிவானது. மெதுவான படங்களில் பழக்கம் இல்லாதவர்கள் ‘லியோ கிராண்டே’யில் தொடங்கலாம், ஒன்றரை மணி நேரத்தைச் சற்றே கடந்த படம், பேச்சு தொடர்ந்து வருவதால் கவனம் சிதறாது. ‘ஐடஹோ’வை அதற்குப் பிறகு, இரவில், கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, இடையில் நிறுத்தாமல் பார்க்க வேண்டும். இரண்டும் பெரியவர்களுக்கான படங்கள். குடும்பத்தாருடன் கூடத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்கு ஏற்றவை அல்ல, அப்படிப் பார்த்தால் சங்கடத்தைச் சமாளிப்பதிலேயே பாதிக் கவனம் போய்விடும். கதையின் போக்கை முன்கூட்டியே அறிந்துகொள்வதால் இவற்றின் சுவை குறையாது என்பதால், கீழே முடிவுகளையும் தயக்கமின்றிக் குறிப்பிடுகிறேன். திருப்பங்களுக்காகப் பார்க்கும் படங்கள் இல்லை இவை.

ஓட்டல் அறைக்குள்

‘லியோ கிராண்டே’யின் கதையை இரண்டு வரிகளில் சொல்லிவிடலாம். கணவனை இழந்தவரும், பள்ளியில் மதக்கல்வி கற்பித்து ஓய்வுபெற்றவருமான நான்சி ஸ்டோக்ஸ் என்ற பெண், வாழ்நாளில் ஒருமுறைகூட உடலின்பத்தை அறியாதவர், லியோ என்ற எஸ்கார்ட்டை ஓட்டலுக்கு வரவழைக்கிறார். நான்கு சந்திப்புகள், ஏறக்குறைய ஒரே இடம், இரண்டே முக்கிய நடிகர்கள்: எம்மா தாம்சன், டாரில் மெக்கார்மாக். நகைச்சுவை நடிகரும் எழுத்தாளருமான கேட்டி பிராண்ட் எழுதிய திரைக்கதை இது. பெருந்தொற்றுக் காலமான 2021-இல், இங்கிலாந்தின் நாரிச் நகரில், 19 நாட்களில் படமாக்கப்பட்டது. இந்தச் சிறிய அளவைக் குறையாக எண்ணாமல், படத்தின் மொழியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அறை மாறாதபோது, அறைக்குள் யார் எங்கே நிற்கிறார்கள், எவ்வளவு தூரத்தில் உட்காருகிறார்கள் என்பதே கதையாகிறது. முதல் சந்திப்பில் நான்சி ஓர் இடத்தில் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டே இருக்கிறார். ஆசிரியர் வகுப்பறையில் நடப்பது போல, பேச்சால் இடைவெளியை நிரப்பிக்கொண்டே நடக்கிறார். இந்த வேலை உனக்கு இழிவாகத் தோன்றவில்லையா, யாராவது உன்னைக் கட்டாயப்படுத்துகிறார்களா என்று அவர் அடுக்கும் கேள்விகள் அக்கறையின் உருவில் வருகின்றன. ஆனால் அவை அவருடைய சொந்த அச்சத்துக்கான கவசம் என்பதை அவர் உட்காரத் தயங்கும் விதத்தில் கண்டுகொள்ளலாம்.

பெரும்பாலான பார்வையாளர்கள் நான்சியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஏனெனில் பேசுபவர் அவர்தான். இரண்டாம் முறை பார்க்கும்போது லியோவை மட்டும் பாருங்கள். நான்சி குளியலறைக்குள் சென்று கதவை மூடிய பிறகு அவன் தனியாக நிற்கும் நொடிகள் இருக்கின்றன. அப்போது அவனுடைய முகத்திலிருந்து புன்னகை சற்றே இறங்குவதையும், கதவு திறக்கும் ஒலி கேட்டதும் மீண்டும் ஏறுவதையும் மெக்கார்மாக் மிக நுட்பமாகச் செய்திருக்கிறார். அந்தப் புன்னகை பொய்யானது என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல செவிலியரின் கனிவு எவ்வளவு உண்மையோ, அவ்வளவு உண்மையானது அது. எனினும் அதற்கு ஒரு தொடக்க நேரமும் முடிவு நேரமும் உண்டு. இந்தத் தொழிலின் மையமான திறமை உடலில் இல்லை, எதிரே இருப்பவரின் வெட்கத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதில் இருக்கிறது என்று படம் எங்கும் வசனமாகச் சொல்லவில்லை. அந்தச் சில நொடிகளில் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

படத்தின் நெஞ்சம் மூன்றாவது சந்திப்பில் இருக்கிறது. நான்சி என்பது இவர் வைத்துக்கொண்ட பெயர், லியோ என்பது அவன் வைத்துக்கொண்ட பெயர். இரண்டு பொய்ப்பெயர்களின் மறைவில்தான் இதுவரை இருவரும் இவ்வளவு வெளிப்படையாகப் பேசிவந்தார்கள். மூன்றாம் முறை வரும்போது நான்சி அவனுடைய உண்மைப் பெயரைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டிருக்கிறார், அதைப் பரிசு கொடுப்பவரைப் போல அவனிடம் சொல்லிவிடுகிறார். தன் தாயிடம் கடலில் எண்ணெய்க் கிணறு ஒன்றில் வேலை செய்வதாகச் சொல்லியிருப்பதாக முன்பு அவன் கூறியிருந்தான். அந்தக் கதையும் உடைகிறது. தாய் அவனை விலக்கிவிட்டார், அவன் இறந்துவிட்டதாகவே பிறரிடம் சொல்லி வருகிறார் என்ற உண்மை கோபத்தில் வெளிவருகிறது. இந்த இடத்தில் பலர் நான்சியின் பக்கம் நின்று, அன்பால்தானே செய்தார் என்று வாதாடுவதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் அந்தக் காட்சியை மீண்டும் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துவேன். உடலை அவன் விலைக்குத் தந்தான்; நேரத்தையும் கனிவையும் தந்தான்; பெயரைத் தரவில்லை. தராததை எடுத்துக்கொண்டவர், பணம் கொடுத்ததால் அந்த உரிமை தனக்கு வந்துவிட்டது என்று ஒரு நொடி நம்பிவிட்டார். படம் முழுவதிலும் நிகழும் ஒரே அத்துமீறல் இதுதான். அதைச் செய்பவர் வாழ்நாள் முழுவதும் ஒழுக்கம் கற்பித்த ஆசிரியர்.

நான்காவது சந்திப்பில் ஒரு சிறு பாத்திரம் வருகிறது. ஓட்டலின் கஃபேயில் பரிமாறும் பெக்கி என்ற பெண் நான்சியின் பழைய மாணவி. பாவாடை நீளத்தைக் காரணம் காட்டித் தன் வகுப்புப் பெண்களை நான்சி ஒரு காலத்தில் இழிசொல்லால் திட்டியிருக்கிறார். அதற்காக அவர் இப்போது மன்னிப்புக் கேட்கும் காட்சி மிகச் சுருக்கமானது, பின்னணி இசை அதைத் தூக்கிப் பிடிப்பதில்லை. எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்த காட்சி இதுவே. கடைசியில் நான்சி கண்ணாடி முன் தனியாக நின்று தன் உடலைப் பார்க்கும் காட்சியைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள், அது பேசத்தக்கதும்கூட. தாம்சன் வயிற்றை உள்ளிழுக்காமல், கோணம் பார்க்காமல், முதன்முறையாகத் தன்னைக் காண்பவரைப் போல நிற்கிறார். ஆனால் தன் உடலை மன்னிப்பதற்கு முன்பு, பிறர் உடல்களைப் பற்றித் தான் சொன்ன சொல்லை அவர் திரும்பப் பெற வேண்டியிருந்தது என்ற வரிசையைக் கவனித்தால், அந்தக் கண்ணாடியின் எடை கூடிவிடும்.

சாலையில்

‘ஐடஹோ’ வேறு வகையான பொறுமையைக் கேட்கிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள போர்ட்லாண்ட் நகரத் தெருக்களில் வாடிக்கையாளர்களுக்காகக் காத்திருக்கும் மைக், ஸ்காட் என்ற இரண்டு இளைஞர்களின் கதை இது. மைக்காக நடித்தவர் ரிவர் ஃபீனிக்ஸ், ஸ்காட்டாக நடித்தவர் கியானு ரீவ்ஸ். இருவரும் அப்போது ஹாலிவுட்டில் வளர்ந்துவந்த நட்சத்திரங்கள், படத்தின் செலவோ ஏறக்குறைய 25 லட்சம் டாலர்தான். இந்த நடிப்புக்காக ஃபீனிக்ஸ் 1991-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த நடிகருக்கான வோல்பி கோப்பையைப் பெற்றார். மைக்குக்கு நார்கோலெப்ஸி என்ற தூக்க நோய் இருக்கிறது. மனம் கலங்கும்போது நின்ற இடத்திலேயே விழுந்து தூங்கிவிடுவான். படமே அந்த நோய்க்கான அகராதி விளக்கத்துடன்தான் தொடங்குகிறது. ஸ்காட் நகர மேயரின் மகன். 21 வயது நிறைந்ததும் தந்தையின் சொத்து கைக்கு வரும், அதுவரை இந்த வாழ்க்கை என்று திட்டமிட்டு வந்தவன். ஒருவனுக்கு இது வாழ்க்கை, மற்றவனுக்கு இது இடைவேளை. இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால் படம் சிதறியதாகத் தோன்றாது.

முதல் காட்சியில் மைக் ஐடஹோ மாநிலத்தின் வெறும் சாலை ஒன்றில் தனியாக நிற்கிறான். இந்தச் சாலைக்கு ஒரு முகம் இருக்கிறது, இதை நான் முன்பே பார்த்திருக்கிறேன் என்ற பொருளில் தனக்குள் பேசிக்கொள்கிறான், பிறகு விழுந்து தூங்கிவிடுகிறான். எதுவும் நடக்கவில்லை என்று சலித்துக்கொள்ளத் தோன்றும் இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு வசதி இருக்கிறது. நிலமும் பொழுதும் உள்ளத்தின் நிலையைச் சொல்லும், கவிஞர் வாய்விட்டுச் சொல்லாததை மரமும் விலங்கும் வழியும் சொல்லும் என்பதைச் சங்கப் பாடல்களின் உள்ளுறை நமக்குப் பழக்கியிருக்கிறது. அந்தச் சாலையைப் பாலை நிலமாக எண்ணிப் பாருங்கள்: நிழலில்லை, துணையில்லை, பிரிவு மட்டுமே இருக்கிறது. படத்தில் இந்தச் சாலை மீண்டும் மீண்டும் வருவதற்குக் காரணம் கதை அங்கே நடக்கிறது என்பதன்று, மைக்கின் உள்ளம் அங்கே தங்கிவிட்டது என்பதே. விரைந்து ஓடும் மேகங்கள், ஆற்றில் எதிர்நீச்சலிட்டுத் துள்ளும் மீன்கள், தனியாக நிற்கும் ஒரு வீடு ஆகியவை வரும்போதெல்லாம் பொருள் தேடி மூளையை வருத்திக்கொள்ள வேண்டாம். மைக் தன்னைப் பிரிந்துபோன தாயைத் தேடி அலைபவன்; இப்போது அவரை நினைக்கிறான் என்று மட்டும் குறித்துக்கொண்டு தொடருங்கள்.

இந்தப் படம் உடலுறவைக் காட்டும் விதம் தனியாகக் கவனிக்கத்தக்கது. இயக்கமே இல்லாமல், நடிகர்கள் ஒரு நிலையில் உறைந்து நிற்க, அடுத்தடுத்து வரும் நிலைக்காட்சிகளாக அவை அமைக்கப்பட்டிருக்கின்றன. படச்சுருளை நிறுத்தி எடுத்த உறைகாட்சிகள் அல்ல அவை. நடிகர்களே அசையாமல் இருக்கிறார்கள், கூர்ந்து பார்த்தால் மெல்லிய அசைவு தெரியும். உடல்களைச் சிற்பமாக்கியதன் மூலம் கிளர்ச்சியை நீக்கிவிட்டு, நிகழ்வதை நினைவில் மட்டும் நிற்கவைக்கிறார் இயக்குநர். வேறோர் இடத்தில், வாடிக்கையாளர் ஒருவருடன் மைக் இருக்கும் காட்சியின் உச்சத்தில், வானிலிருந்து ஒரு மரக் கட்டடம் வெறும் சாலையில் விழுந்து நொறுங்குகிறது. ஒரு முகபாவனையோ ஒரு முனகலோ சொல்லியிருக்கக்கூடியதை நொறுங்கும் வீடு சொல்லும்போது, இன்பத்துக்குள் இருக்கும் வீடின்மை நமக்குத் தெரிந்துவிடுகிறது.

வாடிக்கையாளர்களையும் பொறுமையாகப் பாருங்கள். அவர்களில் ஒருவருக்கு வேண்டியது, சீருடை அணிந்த ஓர் இளைஞன் தன் வீட்டைத் தேய்த்துத் துடைப்பது மட்டுமே. வசதியான வீட்டுப் பெண் ஒருவர் மைக்கை அழைத்துச் செல்கிறார். அவர் தன் தாயை நினைவூட்டுவதால் அவன் அங்கேயே மயங்கி விழுகிறான். யாரையும் அரக்கராகப் படம் சித்தரிப்பதில்லை. ஒவ்வொருவரும் தனிமையான ஒரு விருப்பத்தை வைத்துக்கொண்டு, அதற்கு விலை உண்டா என்று கேட்டு வருகிறார்கள். ஓர் எளிய உணவகத்தில் தெரு இளைஞர்கள் தங்களுக்கு நேர்ந்த வன்முறையைக் கேமராவிடம் சொல்லும் பகுதி இதற்கு எதிர்ப்புறம் நிற்கிறது. ஆவணப்படம் போல எடுக்கப்பட்ட அந்தப் பேச்சில் குரல் உயர்வதே இல்லை, அன்றைய வானிலையைச் சொல்வது போலச் சொல்கிறார்கள். அந்தச் சமநிலைக் குரலுக்கு நம் காது பழகிவிட்டால், படத்தின் மற்ற பகுதிகளின் தாழ்குரலும் கேட்கத் தொடங்கும்.

சாலையோரத்தில் நெருப்பு மூட்டி இருவரும் அமர்ந்திருக்கும் இரவுக்காட்சிக்காகத்தான் இவ்வளவு நேரம் உங்களை அழைத்து வந்தேன் என்றே சொல்லலாம். மூலத் திரைக்கதையில் சுருக்கமாக இருந்த இந்தக் காட்சியை, ஃபீனிக்ஸ் தாமே விரித்து எழுதினார். மைக் கால்களைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, நெருப்பைப் பார்த்தபடி பேசுகிறான். நான் உனக்கு யார் என்று சுற்றி வளைத்துக் கேட்கிறான். ஸ்காட்டின் பதில் நட்பானது, தெளிவானது: பணத்துக்காக மட்டுமே ஆணுடன் இருப்பேன், இரண்டு ஆண்கள் ஒருவரையொருவர் காதலிக்க முடியாது. பணம் தராதவரையும் தன்னால் நேசிக்க முடியும் என்று மைக் சொல்கிறான். உன்னை நேசிக்கிறேன், நீ எனக்குப் பணம் தருவதில்லை என்கிறான். காதல் என்ற சொல்லுக்குத் தன்னிடம் இருக்கும் ஒரே அளவுகோலை எடுத்து, அதை எதிர்ப்பக்கமாகத் திருப்பிக் காட்டும் அந்த வாக்கியத்தைப் போல, இந்தத் தொழிலைப் பற்றி நான் கேட்ட வேறெந்த வாக்கியமும் என்னை நிலைகுலையச் செய்ததில்லை.

இந்தக் காட்சியைப் பார்க்கும்போது மூன்று விவரங்களைத் தவறவிடாதீர்கள். முதலாவது, இசை பின்வாங்கிவிட்டு, நெருப்பின் சலசலப்பும் அவர்களுடைய குரலும் முன்னுக்கு வருகின்றன. இரண்டாவது, மைக்கின் வாக்கியங்கள் முடிவதில்லை. தொடங்கி, நின்று, வேறு சொல்லைத் தேடி, பாதியில் விடப்படுகின்றன. சப்டைட்டிலை மட்டும் வாசித்தால் அவை சீரான வாக்கியங்களாகத் தெரிந்து, தயக்கம் முழுவதும் காணாமல் போய்விடும். எனவே ஒருமுறை சப்டைட்டிலை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் கேளுங்கள், ஆங்கிலம் முழுமையாகப் புரியாவிட்டாலும் பாதகமில்லை. மூன்றாவது, ஸ்காட் கடைசியில் அவனைத் தன்னருகே அழைத்து அணைத்துக்கொள்கிறான். மறுப்பு ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டது, அணைப்பும் தரப்படுகிறது. இது கருணையா, நட்பா, தொழிற்பழக்கமா என்று படம் தீர்ப்புச் சொல்லாமல் அடுத்த பகலுக்குச் சென்றுவிடுகிறது. இந்தக் கேள்வியை அவசரமாக முடித்துவைக்காமல் உடன் எடுத்துச் செல்லுங்கள். ரோம் நகருக்கு அருகே மைக்கின் தாயைத் தேடி இருவரும் சென்ற இடத்தில், ஸ்காட் ஓர் இத்தாலியப் பெண்ணைக் காதலித்து மைக்கைத் தனியே விட்டுச் செல்லும்போது அது மீண்டும் தேவைப்படும்.

ஷேக்ஸ்பியரின் நான்காம் ஹென்றி நாடகங்களிலிருந்து எடுத்த பகுதிகள் படத்தின் நடுவே வருகின்றன. தெரு இளைஞர்களின் தலைவனைப் போன்ற பாப் என்ற பருத்த மனிதர், அந்த நாடகங்களில் இளவரசனின் குடிகார நண்பரான ஃபால்ஸ்டாஃபின் இடத்தில் இருக்கிறார். ஸ்காட் இளவரசனின் இடத்தில் இருக்கிறான். இந்தப் பகுதிகளில் பேச்சு திடீரென்று நாடக மொழிக்கு மாறுவது பலரைக் குழப்புகிறது, எனக்கும் இவை படத்தின் மிகச் சிறந்த பகுதிகளாகத் தோன்றவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்: நாடகத்தில் இளவரசன் அரசனானதும் தன் பழைய நண்பரைத் தெரியாதவரைப் போல விலக்கிவிடுவான். ஸ்காட்டும் சொத்தைப் பெற்றதும் அதையே செய்கிறான். அதன் பிறகு ஒரே இடுகாட்டில் இரண்டு அடக்கங்கள் ஒரே வேளையில் நடக்கின்றன; ஒருபுறம் மேயரின் அடக்கம் ஒழுங்குடனும் கறுப்பு உடைகளுடனும் அமைதியாக நடக்க, மறுபுறம் பாபின் அடக்கம் கூச்சலும் பாட்டுமாக நடக்கிறது. ஸ்காட்டும் மைக்கும் சில கஜ தூரத்தில் இருந்தபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். வசனம் எதுவும் தேவைப்படவில்லை. நெருப்பின் இருபுறமும் இருந்த இடைவெளி எவ்வளவு வளர்ந்துவிட்டது என்பதைக் கண்ணால் அளந்துகொள்ளலாம்.

பார்க்கும் கண்ணைப் பழக்குதல்

இரண்டு படங்களையும் பார்த்த பிறகு கேமரா எட்டி நிற்கும் இன்னும் கடினமான ஒரு படத்துக்குச் செல்ல விரும்பினால், 2021-இல் கான் திரைப்பட விழாவின் ‘அன் செர்ட்டன் ரிகார்ட்’ பிரிவில் திரையிடப்பட்ட ‘மணிபாய்ஸ்’ படத்தைப் பரிந்துரைப்பேன். சீனாவில் பிறந்து ஆஸ்திரியாவில் வளர்ந்த சி. பி. யீ இயக்கிய படம். கதை சீனாவில் நடக்கிறது, படமாக்கப்பட்டது தைவானில். நகரத்தில் இந்தத் தொழில் செய்து ஊருக்குப் பணம் அனுப்பும் ஃபெய் என்ற இளைஞன் ஊர் திரும்பும்போது, அவனுடைய பணத்தை ஏற்றுக்கொண்ட குடும்பம் அவனை ஏற்றுக்கொள்ள மறுக்கிறது. நீண்ட, வெட்டப்படாத ஷாட்டுகளில், அண்மைக்காட்சி அரிதாகவே வரும் இந்தப் படத்தில், யார் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று கேமரா கட்டளையிடாது. சட்டகத்துக்குள் நீங்களே தேட வேண்டும். ஒரே நடிகை ஒன்றுக்கு மேற்பட்ட பாத்திரங்களில் வருவதையும் குழப்பமாக எண்ணாமல், அவன் வாழ்க்கையில் வரும் பெண்கள் அவனுக்கு எப்படித் தெரிகிறார்கள் என்று யோசிக்கும் வாய்ப்பாக எடுத்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் உழைத்துக் குடும்பத்துக்குப் பணம் அனுப்பியவர்களும், அந்தப் பணம் எப்படி வந்தது என்று கேட்காமலேயே வீடு கட்டியவர்களும் நம்மிடையே ஏராளமாக இருப்பதால், ஃபெய்யின் ஊர்க்காட்சிகளைப் புரிந்துகொள்ள நமக்கு விளக்கவுரை தேவைப்படாது.

படம் முடிந்தவுடன் விமர்சனங்களைத் தேடிப் படிக்க வேண்டாம் என்பது நான் கடைப்பிடிக்கும் வழக்கம். ஒரு தாளில், பணம் கண்ணில் பட்ட அல்லது பேச்சில் வந்த இடங்களை நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். அதற்குப் பக்கத்தில், பணம் இல்லாமல் யாராவது யாருக்காவது எதையாவது தந்த இடங்களை எழுதுங்கள். ‘லியோ கிராண்டே’க்கு இரண்டாம் பட்டியல் படம் வளர வளர நீளும். ‘ஐடஹோ’வுக்கு அது மிகச் சிறியதாகவே இருக்கும், அதில் பெரும்பாலானவை மைக் தூங்கும்போது நடந்தவையாக இருக்கும் என்பதைக் காண்பீர்கள். விழித்திருக்கும்போது அவன் கேட்டது அவனுக்குக் கிடைக்கவில்லை. தூங்கும்போது ஸ்காட் அவனைத் தூக்கிச் சுமந்திருக்கிறான், ஒரு சிலையின் அடியில் தாய் மகனை ஏந்துவது போல மடியில் ஏந்தியிருக்கிறான். மைக் அதை அறியவே இல்லை.

யாருடனாவது சேர்ந்து பார்த்தால், அந்த ஆண்கள் செய்தது சரியா தவறா என்ற விவாதத்தில் முதலில் இறங்காமல் இருப்பது நல்லது. அந்த விவாதத்துக்கு நம் அனைவரிடமும் பதில் தயாராக இருக்கிறது, அதற்குப் படம் தேவையில்லை. ஸ்காட் ஏன் அணைத்துக்கொண்டான், நான்சி ஏன் பெயரைத் தேடினார் என்று குறிப்பிட்ட ஒரு செயலைப் பற்றிக் கேட்டுத் தொடங்குங்கள். ஒவ்வொருவரும் வேறு வேறு காட்சியை நினைவுகூர்ந்து பதில் சொல்வார்கள், அப்போதுதான் படம் மீண்டும் மேசைக்கு வரும்.

‘ஐடஹோ’வை இரண்டாம் முறை பார்க்கும்போது கடைசிக் காட்சி வரை அந்தப் பட்டியலைக் கையில் வைத்திருங்கள். மைக் மீண்டும் அதே வெறும் சாலையில் நிற்கிறான், மீண்டும் விழுந்து தூங்கிவிடுகிறான். ஒரு வண்டி வந்து நிற்கிறது. இறங்கியவர்கள் அவனுடைய பையையும் காலணிகளையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நெடுநேரம் சாலை வெறுமையாகக் கிடக்கிறது. பிறகு இன்னொரு கார் வந்து நிற்க, அதிலிருந்து இறங்கிய ஒருவர் அவனைத் தூக்கி உள்ளே வைத்து ஓட்டிச் செல்கிறார். கேமரா உயரத்திலிருந்து பார்ப்பதால் அவருடைய முகம் தெரிவதில்லை. அவர் அவனைத் தூக்கும் விதத்தைப் பார்த்துவிட்டு, அந்தக் காரை எந்தப் பட்டியலில் எழுதுவது என்று முடிவுசெய்யுங்கள்.